வீடு வாங்கறதுக்கு முன்னாடி ஓதத்தையும் தரையையும் எப்படிப் பாக்கறது?

வீடு பாக்கப் போறவங்க நிறைய பேர் முதல்ல கவனிக்கறது ரூம் எத்தனை, கிச்சன் எவ்ளோ பெருசு, வெளிச்சம் காத்து வருதா, இதத்தான். தப்பே இல்ல. ஆனா குடி போன அப்புறம் பணத்தையும் தூக்கத்தையும் சேத்து வாங்கறது பெரும்பாலும் தண்ணிதான், அதுவும் குழாய்ல வர்ற தண்ணி இல்ல, சுவருக்குள்ளயும் தரைக்கு அடியிலயும் சீலிங்குக்கு மேலயும் சத்தமே இல்லாம ஊறிட்டிருக்கற தண்ணி. ஓதம்னு சொல்றது இந்த ஈரத்தத்தான். நல்ல விஷயம் என்னன்னா, அது எப்பவுமே எங்கயாவது ஒரு தடயத்த விட்டுட்டுதான் போகும். அத படிக்கத் தெரிஞ்சா போதும், அதுக்கு நீங்க இன்ஜினியரா இருக்கணும்னு அவசியம் இல்ல.

ஒரு கேள்விய மட்டும் கடைசி வரைக்கும் மனசுல வெச்சுக்கோங்க: இந்த ஈரம் எங்கேருந்து வருது? கறை எவ்ளோ பெருசுங்கறது ரெண்டாம்பட்சம்தான். காரணம் தெரிஞ்ச பெரிய கறைய ஆள் வெச்சு சரி பண்ணிடலாம், காரணமே தெரியாத சின்னக் கறைக்குத்தான் வருஷா வருஷம் பெயிண்ட் அடிச்சு அடிச்சு செலவு பண்ணிட்டே இருப்பீங்க.

கையில எடுத்துட்டுப் போக வேண்டியது

நல்ல வெளிச்சம் வர்ற ஒரு டார்ச், ஒரு காசு, ஒரு கோலிக்குண்டு, ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், முடிஞ்சா ரசமட்டம் (தரை சமமா இருக்கான்னு காட்டற கருவி, போன்லயே அந்த ஆப் இருக்கும், ஆனா சின்ன ரசமட்டம் வாங்கிக்கறது நம்பிக்கை), கொஞ்சம் கனமான பிளாஸ்டிக் ஷீட், ஒட்டற டேப். ஈரம் அளக்கற மீட்டர் யார்கிட்டயாவது கடன் கிடைச்சா சந்தோஷம், இல்லேன்னாலும் பரவால்ல.

எப்போ போறீங்கங்கறதும் முக்கியம். நல்ல மழை பெஞ்சு ஒண்ணு ரெண்டு நாள்ல பகல் நேரத்துல போறதுதான் பெஸ்ட். காஞ்ச காலத்துல மட்டும்தான் பாக்க முடியும்னா ஈரத்த தேடாதீங்க, ஈரம் வந்துட்டுப் போன அடையாளத்த தேடுங்க. அப்புறம் ஒரே தடவை பாத்துட்டு முடிவு பண்ணவே பண்ணாதீங்க, அவசரப்படுத்தறாங்கன்னா இன்னும் நிதானமா பாருங்க.

முதல்ல வெளிய

எல்லாரும் நேரா ஹாலுக்குத்தான் போவாங்க. நீங்க போகாதீங்க, முதல்ல வீட்ட சுத்தி ஒரு ரவுண்டு வாங்க. போற வழியில வாட்டர் மீட்டர் இருந்தா அத ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு, வீட்ல இருக்கறவங்ககிட்ட கொஞ்ச நேரம் எந்தக் குழாயையும் திறக்க வேணாம்னு சொல்லிடுங்க. அரை மணி, ஒரு மணி நேரம் கழிச்சு திரும்ப பாக்கும்போது எல்லாம் மூடியிருந்து, டேங்க்குக்கும் தண்ணி ஏறாம இருந்தும் மீட்டர் நகர்ந்திருந்தா எங்கயோ பைப் லீக் ஆகுதுன்னு அர்த்தம், அது தரைக்கு அடியிலயும் இருக்கலாம்.

அடுத்தது மண்ணோட வாட்டம். மழைத்தண்ணி வீட்ட விட்டு விலகி ஓடணும், வீட்டப் பாத்து ஓடி வரக் கூடாது. பொதுவா சொல்ற கணக்கு, சுவர்லேருந்து முதல் 10 அடிக்குள்ள 6 இஞ்சாவது இறங்கியிருக்கணும். அதோட சுவருக்கு அடியில ஓதம் ஏறாம இருக்க ஒரு தடுப்பு லேயர் போட்டிருப்பாங்க, அது வெளித்தரைய விட சுமார் 15 சென்டிமீட்டர் மேல இருக்கணும். பின்னாடி யாராவது அழகுக்காக மண்ண கொட்டி செடி வெச்சிருப்பாங்க, இல்ல சிமெண்ட் நடைபாதைய ஒசத்திப் போட்டிருப்பாங்க, அந்தத் தடுப்பு மண்ணுக்குள்ள புதைஞ்சு போயிருக்கும். உள்ள சுவர் பொரியறதுக்கு இது ஒண்ணே போதும், ஆனா இது கண்டுபிடிச்சா சந்தோஷப்பட வேண்டிய பிரச்சனை, ஏன்னா பல நேரத்துல மண்ண வெட்டி எடுத்தாலே பாதி சரியாயிடும்.

மழைத்தண்ணி பைப் எங்க முடியுதுன்னு பாருங்க. அஸ்திவாரத்து ஓரத்துலயே கொட்டுதுன்னா அந்த மூலைய உள்ள போய் கண்டிப்பா பாக்கணும், குறிச்சு வெச்சுக்கோங்க. சுவர்ல நீளமா பச்சையா பாசி ஓடியிருக்கா, விரிசல்ல செடி முளைச்சிருக்கா, ஏ.சி. தண்ணி சுவர் மேலயே வடியுதா, இதெல்லாம் அப்படியே போட்டோ எடுத்துக்கோங்க. செங்கல் கட்டட சுவர்ல படிக்கட்டு மாதிரி ஏறிப் போற விரிசல் இருந்தா அத தனியா குறிச்சுக்கோங்க, அதப் பத்தி தரையப் பாக்கும்போது சொல்றேன்.

மாடியில

மொட்டை மாடின்னா தண்ணி நிக்கற இடத்த தேடணும். காஞ்சிருந்தாலும் தூசி வட்டம் வட்டமா படிஞ்சு காட்டிக் குடுத்துடும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலை, தளத்த துளைச்சுட்டு பைப் இறங்கற இடம், டேங்க்குக்கு அடியில, இந்த மூணு இடத்துலதான் கசிவு ஜாஸ்தி. சரிவான கூரைன்னா உடைஞ்ச ஓடு, ரெண்டு சரிவு சேர்ற பள்ளம், கூரைக்கு உள்பக்கம் மரத்துல கருப்பா கறை, இத பாருங்க.

இப்ப வீட்டுக்குள்ள, முதல்ல மூக்கு

கதவ திறந்ததும் எதையும் பாக்காம ஒரு நிமிஷம் நின்னு மோந்து பாருங்க, ஏன்னா கொஞ்ச நேரத்துலயே மூக்கு அந்த வாசனைக்குப் பழகிடும், அப்புறம் தெரியாது. நமுத்த துணி வாசனை, மண் வாசனை மாதிரி வந்தா எங்கயோ பூஞ்சை இருக்கு. ரூமுக்கு ரூம் பலமா ரூம் ஸ்ப்ரே அடிச்சு வெச்சிருந்தா ஜன்னல் எல்லாம் மூடச் சொல்லிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப அந்த ரூமுக்கு வாங்க. அலமாரிக்குள்ள, சிங்க்குக்கு அடியில, மாடிப்படிக்கு அடியில இருக்கற சின்ன ஸ்டோர்ல தலைய விட்டு மோந்து பாருங்க, கூச்சப்படாதீங்க, வாழ்நாள் சேமிப்ப போட்டு வாங்கறீங்க.

சுவர படிக்கறது

இதுதான் ரொம்ப முக்கியமான இடம், நேரம் எடுத்துக்கோங்க.

லைட்ட அணைச்சுட்டு டார்ச்ச சுவரோட ஒட்டின மாதிரி வெச்சு வெளிச்சத்த சுவர் மேல படுக்க வெச்சு ஓட விடுங்க. நேரா அடிச்சா வழவழன்னு நல்லா தெரியற சுவர், இப்படி பக்கவாட்டுல அடிச்சா எங்கெங்க பொக்களிச்சிருக்கு, எங்க பட்டி போட்டு தேச்சிருக்காங்க, எங்க பூச்சு லேசா உப்பியிருக்கு, எல்லாத்தையும் நிழலோட காட்டும். ஸ்கர்ட்டிங்குக்கு (சுவரோட அடியில தரைய ஒட்டி ஓடற பட்டை) கொஞ்சம் மேல ஒரு நீளமான பட்டை மட்டும் மத்த சுவர விட சொரசொரன்னு தெரியுதா? கைய வெச்சுத் தடவுங்க. விரல்ல வெள்ளையா மாவு ஒட்டுச்சுன்னா அது சுண்ணாம்பா, உப்பான்னு பாக்கணும். சுரண்டிப் பாத்தா பெயிண்ட்டுக்கு அடியிலேருந்து பஞ்சு பஞ்சா வந்தா பெரும்பாலும் உப்புதான். தண்ணி சுவர் வழியா வந்து காத்துல ஆவியாப் போகும்போது கூட்டிட்டு வந்த உப்ப அங்கயே விட்டுட்டுப் போயிடும்.

ஈரம் எந்த உயரத்துல இருக்குங்கறத வெச்சே பாதி கண்டுபிடிச்சிடலாம்.

கீழேருந்து ஏறி சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்குள்ள, அலை அலையா ஒரு கோடு போட்ட மாதிரி நின்னுடுச்சுன்னா அது மண்லேருந்து ஏறற ஓதம். விளக்குத்திரி எண்ணெய இழுக்கற மாதிரி செங்கல்லும் காரையும் தண்ணிய மேல இழுக்கும், ஒரு உயரத்துக்கு மேல இழுக்கற வேகமும் ஆவியாகற வேகமும் சமமாயிடும், அங்கதான் அந்தக் கோடு. இதுக்கு உள்பக்கம் சிமெண்ட் பூசறது, பாதி சுவருக்கு டைல்ஸ் ஒட்டறது, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கறது எதுவும் தீர்வு இல்ல, ஆவியாகற வழிய அடைச்சதும் தண்ணி இன்னும் மேல ஏறி டைல்ஸுக்கு மேல வெளிய வரும். அதனால ஹால்லயோ பெட்ரூம்லயோ காரணமே இல்லாம இடுப்பு உயரத்துக்கு டைல்ஸோ மரப்பலகையோ அடிச்சிருந்தா, அதோட மேல் விளிம்ப ஒட்டி நல்லா பாருங்க.

சுவரோட நடுவுல ஒரே இடத்துல திட்டு மாதிரி இருந்தா அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாருங்க. பாத்ரூம் இருந்தா பைப்பா இருக்கும், வெளிச்சுவர்னா விரிசலோ ஜன்னல் ஓரமோ. நீங்க வெளிய எடுத்த போட்டோ இப்பதான் உதவும், வெளிய பாசி இருந்த இடமும் உள்ள திட்டு இருக்கற இடமும் ஒத்துப்போச்சுன்னா காரணம் கிடைச்சிடுச்சு.

மேல, சீலிங்ல பழுப்பு நிற வளையம் இருந்தா மேலேருந்து தண்ணி வந்திருக்கு. ஒண்ணுக்குள்ள ஒண்ணா பல வளையம்னா பல தடவை வந்திருக்கு. தொட்டுப் பாருங்க, ஜில்லுன்னு மெத்துன்னு இருந்தா இன்னும் வந்துட்டிருக்கு. கான்கிரீட் சீலிங்ல துரு நிறத்துல கோடு, இல்ல பூச்சு பெயர்ந்து கம்பி தெரியுதுன்னா அத சாதாரணமா எடுத்துக்காதீங்க. கம்பி துருப்பிடிச்சா பழைய அளவ விட ரெண்டு மடங்குக்கும் மேல இடம் கேக்கும், அந்த அழுத்தத்துல கான்கிரீட் உள்ளேருந்து வெடிக்கும், அது பெயிண்டர் வேலை இல்ல.

இன்னொரு வகை இருக்கு, வெளியிலேருந்து தண்ணியே வராது. சமையல் ஆவி, குளியல் ஆவி, உள்ளயே காயப்போடற துணி, இந்த ஈரக்காத்து குளிர்ந்த சுவர்ல பட்டு தண்ணியா மாறிடும். ரூம் மூலையில, பீரோவுக்குப் பின்னாடி, ஜன்னல் ஓரத்துல கருப்பு கருப்பா புள்ளி, ஆனா உப்பும் இல்ல, கோடும் இல்லேன்னா பெரும்பாலும் இதுதான். காத்தோட்டம், எக்ஸாஸ்ட் ஃபேன்னு கம்மி செலவுல முடியற விஷயம், இதப் பாத்து பயந்து நல்ல வீட்ட விட்டுடாதீங்க. சந்தேகமா இருந்தா ஒரு துண்டு பிளாஸ்டிக் ஷீட்ட சுவர்ல நாலு பக்கமும் காத்து போகாம ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்க. ரூம் பக்கம் ஈரம் படிஞ்சா காத்துல இருக்கற ஈரம், ஷீட்டுக்கு அடியில சுவர் பக்கம் நனைஞ்சிருந்தா சுவருக்குள்ளேருந்து வருது.

மறைச்சிருக்காங்களான்னு எப்படித் தெரியும்? விக்கறதுக்கு முன்னாடி வீடு முழுக்க பெயிண்ட் அடிக்கறது சகஜம், அதுல சந்தேகப்பட ஒண்ணும் இல்ல. ஆனா ஒரே ஒரு சுவர் மட்டும், இல்ல சீலிங்ல ஒரு சதுரம் மட்டும் புதுசா இருந்தா நேரடியா கேளுங்க. நகர்த்த முடியாத மாதிரி சுவரோட ஒட்டி வெச்ச பெரிய பீரோ, காரணமில்லாத ஃபால்ஸ் சீலிங், கீழ்ப்பக்கம் மட்டும் மாத்தின கதவு நிலை, எல்லாத்துக்கும் ஒரு கேள்வி கேளுங்க.

பாத்ரூம், கிச்சன்

இங்க சுருக்கமாவே சொல்லலாம். பாத்ரூமுக்குள்ள பாக்கறத விட அதுக்கு வெளிப்பக்க சுவரையும், கீழ் வீட்டு சீலிங்கையும், நிலையோட அடிப்பாகத்தையும் பாருங்க. நிலையோட அடிய ஸ்க்ரூடிரைவரால லேசா குத்துங்க, மரம் உறுதியா இருந்தா முனை இறங்காது, உளுத்திருந்தா மெத்துன்னு உள்ள போகும். மண் கோடு மாதிரி கரையான் ஏறியிருந்தா அதுவும் ஈரத்தோட சேந்து வர்ற விருந்தாளிதான். வாட்டர் மீட்டர ரெண்டாவது தடவை பாத்து முடிச்ச அப்புறம் ஒரு பக்கெட் தண்ணிய தரையில ஊத்துங்க, வாட்டம் சரியா இருந்தா ஓட்டைய பாத்து ஓடும், இல்லேன்னா மூலையில தேங்கி நிக்கும். டாய்லெட்ல உக்காந்து லேசா அசைஞ்சு பாருங்க, ஆடுச்சுன்னா அடி ஜாயிண்ட் வழியா ரொம்ப நாளா கசிஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு. ஓனர் ஒத்துக்கிட்டா ஓட்டைய அடைச்சு 24 மணி நேரம் தண்ணி நிப்பாட்டி கீழ பாக்கறதுதான் சரியான டெஸ்ட்.

தரை

டைல்ஸ் தரைன்னா காச எடுத்து தட்டிட்டே நடங்க. நல்லா ஒட்டியிருக்கற டைல்ஸ் டொக்குன்னு கெட்டியா பேசும், அடியில வெற்றிடம் இருந்தா டொம்முன்னு குடத்துல தட்டின சத்தம் வரும். அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னா பரவால்ல, வரிசையா அஞ்சாறு டைல்ஸ் அப்படி இருந்தா அந்த ஏரியாவையே பெயர்த்துப் போட வேண்டி வரும்னு கணக்கு வெச்சுக்கோங்க. ரெண்டு டைல்ஸ் கூடாரம் மாதிரி முட்டிக்கிட்டு எழும்பி நிக்குதுன்னா ஓரத்துல விரிய இடம் விடாம இறுக்கமாப் போட்டிருப்பாங்க, இல்ல ஒட்டினது சரியில்ல, கூடவே ஈரமும் இருக்கலாம். கிரானைட், மார்பிள்ல ஓரம் மட்டும் அடர்த்தியா கருத்து, காயவே காயாம இருந்தா அடியிலேருந்து ஈரம் வருது. டைல்ஸ் இடுக்குல வெள்ளையா உப்பு பூத்திருந்தாலும் அதே கதை.

மரத்தரைய கொஞ்சம் குனிஞ்சு வெளிச்சத்துக்கு எதிரா பாருங்க. ஒவ்வொரு பலகையும் ஓரம் தூக்கி நடு பள்ளமா இருந்தா அடிப்பக்கம் மேல்பக்கத்த விட ஈரமா இருக்கு. நடு தூக்கி ஓரம் இறங்கியிருந்தா, பல நேரம் முன்னாடி ஓரம் தூக்கியிருந்தத முழுசா காய விடாம அவசரமா இழைச்சிருப்பாங்க, அதாவது பழைய ஈரக்கதை ஒண்ணு இருக்கு, அத கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. லேமினேட்ல (மரம் மாதிரி தெரியற, மரத்தூள அழுத்தி செஞ்ச பலகை) ஈரம் பட்டா ஜாயிண்ட் ஜாயிண்ட்டா உப்பியிருக்கும், உப்பின லேமினேட் திரும்ப பழைய நிலைக்கு வராது, மாத்தத்தான் வேணும். சுவரோரத்துல ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு விரிய இடம் விட்டிருக்காங்களான்னும் பாருங்க. மரத்துல ஈரம் அளக்கற மீட்டர் வெச்சு அது 20 சதவீதத்துக்கு மேல காட்டினா உளுத்துப் போற ஆபத்து இருக்கு. கார்ப்பெட் இருந்தா அனுமதி கேட்டு மூலைய தூக்குங்க, அடியில ஆணி துருப்பிடிச்சிருந்தா கறை இல்லேன்னாலும் அங்க தண்ணி இருந்திருக்கு. ரொம்ப பழைய வீட்ல சின்ன சதுரமா கெட்டியான வினைல் டைல்ஸ் இருந்தா உடைச்சோ சுரண்டியோ பாக்காதீங்க, அந்தக் காலத்து டைல்ஸ்லயும் அத ஒட்டின பசையிலயும் ஆஸ்பெஸ்டாஸ் (தூளா மூச்சுல போனா நுரையீரலுக்கு ஆபத்தான நார்) இருக்கலாம், சோதிக்க ஆள் வெச்சுதான் தொடணும்.

கான்கிரீட் தரைக்கும் பிளாஸ்டிக் ஷீட் டெஸ்ட் உண்டு. 45 சென்டிமீட்டர் சதுரத்துக்கு வெட்டி ஓரம் முழுக்க டேப் ஒட்டி, குறைஞ்சது 16 மணி நேரம் விட்டு எடுத்தா, அடியில முத்து முத்தா தண்ணியோ தரை கருத்தோ இருந்தா ஈரம் ஏறுது. புது வீட்ல இது வந்தா உடனே பயப்பட வேணாம், கான்கிரீட் காயறதுக்கு ஒரு இஞ்ச் கனத்துக்கு சுமார் ஒரு மாசம்னு தோராயமா சொல்லுவாங்க. ஆனா அது காயறதுக்கு முன்னாடியே மேல மரத்தரை போட்டிருந்தா மட்டும் உஷாரா இருங்க.

இப்ப கோலிக்குண்டு. ரூம் நடுவுல வெச்சு விடுங்க, லேசா உருண்டா பழைய வீட்ல அதுல ஒண்ணும் இல்ல. ஆனா எல்லா ரூம்லயும் ஒரே பக்கமா ஓடுது, அந்தப் பக்கத்து கதவு சரியா மூடல, கதவு ஜன்னல் மூலையிலேருந்து சாய்வா விரிசல் போகுது, வெளிய அந்த படிக்கட்டு விரிசலும் அங்கயேன்னா, இது எல்லாம் சேந்து அஸ்திவாரம் இறங்கறத காட்டலாம். பூச்சுல மயிரிழை மாதிரி 1 மில்லிமீட்டருக்குள்ள இருக்கற விரிசல் எல்லா வீட்லயும் இருக்கும். 5 மில்லிமீட்டரத் தாண்டினா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பாக்காம மேல பேசவே பேசாதீங்க.

மெஷின நம்பறது

ஈரம் அளக்கற மீட்டர் மரத்துக்குத்தான் சரியான நம்பர் குடுக்கும். சுவர்ல அது காட்டற நம்பர அப்படியே எடுத்துக்காதீங்க, உப்பு இருந்தாலும் உள்ள கம்பி, பைப் இருந்தாலும் ஏத்திக் காட்டும். காஞ்ச இடத்துல ஒரு தடவை, சந்தேகமான இடத்துல ஒரு தடவைன்னு வெச்சு வித்தியாசத்த மட்டும் பாருங்க. தெர்மல் கேமராவும் அப்படித்தான், அது காட்டறது சூடு குளிர் வித்தியாசம், ஈரத்த இல்ல. கேமராவுல நீலமா தெரிஞ்ச இடத்துல மீட்டர் வெச்சு உறுதி பண்ணிக்கணும்.

கண்டுபிடிச்சாச்சு, இனி?

மண் வாட்டம், மழைப்பைப், இடுக்க அடைக்கற சிலிக்கான், காத்தோட்டம் இதெல்லாம் சின்ன வேலை, பேரம் பேசறதுக்கு ஒரு காரணம்னு வெச்சுக்கலாம். பாத்ரூம் முழுக்க உடைச்சு வாட்டர்ப்ரூஃப் பண்றது, ஒரு ரூம் தரைய மாத்தறது நடுத்தர வேலை, ரெண்டு பேர்கிட்டயாவது எழுத்துல எஸ்டிமேட் வாங்கின அப்புறம் விலை பேசுங்க. சீலிங் கம்பி துரு, அஸ்திவாரம் இறங்கறது, வீடு முழுக்க ஏறற ஓதம், இதுல எனக்கு சமாதானமே கிடையாது, நீங்களே பணம் குடுத்து கூட்டிட்டு வர்ற ஆள் பாத்து எழுதிக் குடுக்கணும். விக்கறவங்களோ புரோக்கரோ அனுப்பற ஆள் வேணாம்.

ஓனர்கிட்ட கேக்கும்போது "ஓதம் இருக்கா"ன்னு கேட்டா "இல்ல"ன்னு ஒரு வார்த்தையில முடிஞ்சிடும். "இந்த சுவர்ல கடைசியா எப்போ வேலை பாத்தீங்க, எதுக்காக, யார் செஞ்சாங்க, பில் இருக்கா"ன்னு கேளுங்க. நேர்மையா இருக்கறவங்க சந்தோஷமா சொல்லுவாங்க, சரி பண்ணின பில்லும் காட்டுவாங்க, அப்படிப்பட்ட வீட்ல பழைய கறை இருந்தாலும் எனக்கு அது பிடிக்கும். வாய்வார்த்தையா சொன்னத ஒப்பந்தத்துல எழுதச் சொல்லுங்க.

கடைசிப் பணம் குடுக்கறதுக்கு முன்னாடி சாமானெல்லாம் காலி பண்ணின அப்புறம் இன்னொரு தடவை டார்ச்சோட போங்க. பீரோ இருந்த சுவர், கட்டிலுக்கு அடியில இருந்த தரை, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி, பாய் விரிச்சிருந்த இடம், இத்தனை நாளா நீங்க பாக்க முடியாத இடமெல்லாம் அன்னிக்குத்தான் வெளிச்சத்துக்கு வரும். நனைஞ்ச பொருள் 24லேருந்து 48 மணி நேரத்துக்குள்ள காயலேன்னா பூஞ்சை வளர ஆரம்பிச்சிடும், அதனால சாமான் எடுக்கும்போது பைப்ப கழட்டி தண்ணி கொட்டியிருந்தாலும் அன்னிக்கே சொல்லி துடைச்சு காய வைக்கச் சொல்லுங்க. முதல் நாள் எடுத்த போட்டோவோட ஒவ்வொரு மூலையையும் ஒப்பிட்டுப் பாத்துட்டு, வாட்டர் மீட்டரையும் இன்னொரு தடவை அரை மணி நேரம் விட்டுப் பாத்துட்டு சாவிய வாங்குங்க.